இரண்டாம் சாவி உறங்கும் வீடு

நம்பிக்கையின் விலை நூற்று எண்பது. இரண்டு சாவிகளோடு. கொஞ்சம் முகம் சுளித்துப் பேரம் பேசினால் நூற்று எழுபதுக்கும் படியும்.

அந்தப் பூட்டுக் கடையில் மூன்று தலைமுறையாக இதைத்தான் மொத்தத்துக்கும் சில்லறைக்கும் விற்கிறார்கள். வாங்குகிறவன் இரும்பை வாங்குவதாக நினைத்துக்கொண்டு போகிறான். அவன் வாங்கிப் போவது நிம்மதியான தூக்கத்தை என்று கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் தூக்கம் விற்ற அந்தக் குடும்பத்தில்தான் இந்த இரண்டு மாதமாக யாரும் சரியாகத் தூங்கவில்லை.

காரணம், கை நழுவிப் போன இரண்டு ஆர்டர்கள். பள்ளிக்கூட ஆர்டர் போனது. பிறகு அடுக்குமாடி ஆர்டரும் போனது. இரண்டையும் தட்டிப் பறித்தது எதிர்த் தெருக் கடை. அதுவும் எப்படி? பூட்டுக்கு இரண்டே இரண்டு குறைத்து. இவர்கள் என்ன விலை போடுவார்கள் என்று யாரோ காதில் ஓதிவிட்டது போல.

கடைக்கு வரும் மெயிலையெல்லாம் திறப்பது மூத்த மருமகள். எதிர்த் தெருக் கடைக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது அவளுடைய கூடப் பிறந்த அண்ணன். இதற்கு மேல் இன்னொரு விளக்கம் யாருக்கு வேண்டும்?

மாமனார் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர் செய்ததெல்லாம், அவள் எதிரில் கல்லாவைப் பூட்டிவிட்டு ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தது. நேற்று சாயங்காலம் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நாளைக்கு ஆஸ்பத்திரி ஆர்டரும் போச்சுன்னா, நீ வீட்டுல இருந்து பிள்ளைங்களைப் பாத்துக்கோம்மா. உனக்கும் அலைச்சல்" என்றார்.

கணவன் பெரியவன் முந்தாநாளே வெளியூர் வசூலுக்குக் கிளம்பியாயிற்று. போனில் சொல்லி அழுததற்கு, "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும், கொஞ்ச நாள் ஓய்வா இரேன்" என்றான். அந்த 'சரியாத்தான்' ராத்திரி முழுக்க அவள் காதில் கொசுவாகச் சுற்றியது.

காலையில் கடைக்கு வந்தவள் மேஜையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் அழுத்தமாகவே உட்கார்ந்தாள். எட்டு வருஷத்து நாற்காலி. அவள் உடம்புக்குத் தகுந்தபடி பள்ளம் விழுந்த நாற்காலி.

"அண்ணி, நெட் போச்சு."

கொழுந்தன் சின்னவன் ஒரு கையில் வயரும் இன்னொரு கையில் பாதி கடித்த ரொட்டியுமாக வந்து நின்றான். கடையின் கம்ப்யூட்டர், கேமரா, மெயில் எல்லாம் அவன் பொறுப்பு.

"போச்சுன்னா? கோவிச்சுக்கிட்டுப் போச்சா, ஒரேயடியாப் போச்சா?"

"வெளியில ரோட்டைத் தோண்டறாங்க. கேபிளை வெட்டிட்டாங்களோ என்னவோ. கம்பெனிக்குச் சொல்லிட்டேன். வருவாங்களாம்."

"எப்போ?"

"வருவாங்களாம்னுதான் சொன்னாங்க."

ஆஸ்பத்திரிக்கு ஆயிரத்து இருநூறு பூட்டு. ஃபாக்டரிக்காரர்கள் தங்கள் விலையை மத்தியானத்துக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். அதன் மேல் லாபம் வைத்து, இவள் விலை எழுதி, ஐந்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு மெயில் போய்ச் சேர வேண்டும். ஐந்து மணிக்கு, வந்திருக்கும் விலைகளையெல்லாம் அங்கே எல்லார் எதிரிலும் வாசித்துவிடுவார்கள்.

"நாம அனுப்பறதை எப்படி அனுப்பறது?"

"அது கவலையே இல்ல. என் போன்ல இருந்து நெட் எடுத்து அனுப்பிக்கலாம். கடைக்குள்ள இத்தனை இரும்புக்கு நடுவுல சிக்னல் வராது. பின் படிக்கட்டுல போய் உக்காரணும், அவ்வளவுதான்."

"வர்றது?"

"அது போன் வழியா வராது அண்ணி. நம்ம மெயில் வந்து விழறது கடைக்குள்ள இருக்கற நம்ம சொந்த மெஷின்ல. போன் நெட்டுங்கறது வெளியே மட்டும் திறக்கற கதவு மாதிரி. நாம போகலாம், ஒருத்தர் உள்ள வர முடியாது."

"அப்போ ஃபாக்டரி மெயில் என்ன ஆகும்? வாசல்ல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடுமா?"

சின்னவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தன் சாமர்த்தியத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவனுக்குப் பசி கூட மறந்துவிடும். ரொட்டியை மேஜை மேல் வைத்தான்.

"திரும்பிப் போகவே போகாது. மொதல்ல நம்ம கடை மெஷினைத் தட்டும். பதில் இல்லைன்னா ரெண்டாவதா ஒரு மெஷின் வச்சிருக்கேன், அங்க போயிடும். அது வாங்கி பத்திரமா வச்சிருந்து, நம்ம லைன் வந்ததும் தானா இங்க தள்ளிவிடும். நம்ம லைன் செத்துக் கிடந்ததே அனுப்பினவங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை மெயில் திரும்பிப் போச்சுன்னு வச்சுக்கோங்க, கடையை மூடிட்டாங்க போலன்னு ஊரே பேசிடும்ல?"

"நல்ல ஏற்பாடுதான். எங்க இருக்கு அந்த ரெண்டாவது மெஷின்?"

சின்னவன் திடீரென்று கையிலிருந்த வயரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

"இருக்கு."

"எங்க இருக்குன்னு கேட்டேன் தம்பி."

"அக்கா வீட்டுல."

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பூட்டுக்கும் இரண்டாம் சாவி, முதல் சாவி இருக்கும் கூரையின் கீழ் உறங்கக் கூடாது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே இது அவளுக்குச் சொல்லப்பட்டது. கடையின் இரண்டாம் சாவிகள் பாதி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் நாத்தனார் வீட்டில் தகர டப்பாவில் இருக்கின்றன. மீதி, ஊர் ஊராகச் சுற்றும் பெரியவனின் சாவிக் கொத்தில். மெயிலுக்கும் இவர்கள் இரண்டாம் சாவி செய்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் புதுச் செய்தி.

"எத்தனை நாளா?"

"மூணு வருஷம் இருக்கும்."

"மூணு வருஷமா இந்த மெயிலைத் திறக்கறவ நான். எனக்கு ஏன் தெரியாது?"

"அப்பாதான்... தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சா போதும்னார்." அவன் ரொட்டியை எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தான். "அது சும்மா ஒரு பெட்டி அண்ணி. ஸ்க்ரீன் கூடக் கிடையாது. ஊமை வாட்ச்மேன் மாதிரி நிக்கும்."

"பள்ளிக்கூட ஆர்டர் அன்னிக்கு லைன் இருந்துச்சா?"

யோசித்தான். "இல்ல. அன்னிக்கும் போச்சு."

"அடுக்குமாடி அன்னிக்கு?"

சின்னவன் ரொட்டியை மெல்லுவதை நிறுத்தினான்.

கடைக்கு வந்த மெயில் எதுவும் கடையிலிருந்து கசியவில்லை. கடைக்கு வராமல் வழியில் தங்கிய இரண்டு மெயில்கள்தான் கசிந்திருக்கின்றன. இரண்டு மாதமாக அவள் கண்ணில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டிருந்த சந்தேகம், இரண்டு தெரு தள்ளி ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

எதிரில் நிற்பவனையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல பிள்ளைதான். ஆனால் மூன்று வருஷம் வாயைத் திறக்காத நல்ல பிள்ளை.

"சரி, நீங்க போய் லைனைப் பாருங்க" என்றாள், இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்வது போல.

மாமனார் கல்லாவிலிருந்து எழுந்து, "வியாபாரம் ஒண்ணும் இல்ல. பேரனுக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு எட்டு பாத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தெருமுனை திரும்பியதும் போனை எடுத்துக்கொண்டு பின் படிக்கட்டுக்குப் போனாள்.

ஃபாக்டரி ஆபீஸில் விலை அனுப்பும் அம்மாளும் இவளும் நேரில் பார்த்ததில்லை. குரலிலேயே எட்டு வருஷப் பழக்கம்.

"மேடம், எனக்கு ஒரு உதவி. ஆயிரத்து இருநூறுக்கு உங்க விலை என்னன்னு வாயால சொல்லுங்க. மெயில்ல எழுத வேண்டாம்."

"ஏம்மா, மெயில் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மெயில்ல நீங்க வேற ஒண்ணு எழுதணும். இதே பூட்டை சில்லறையா ஒரு கடைக்காரன் கேட்டா என்ன விலை சொல்வீங்களோ, அதை."

"பொய்யா எல்லாம் நான் எழுதித் தர மாட்டேன். எங்க முதலாளி என்னைக் கட்டித் தொங்க விட்டுடுவார்."

"எதுக்குப் பொய்? சில்லறை விலை உண்மையான விலைதானே? எத்தனை பூட்டுக்குன்னு எழுத வேண்டாம். நீங்க கேட்ட பூட்டு இன்ன விலை, முடிஞ்சது."

"ஏதோ கண்ணி வைக்கற மாதிரி இருக்கே?"

"பூட்டு வியாபாரம் மேடம். சும்மா ஒரு எலி நடமாட்டம்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். ஆயிரத்து இருநூறுக்கு ஒரு பூட்டு ஐந்நூற்று ஐம்பது. மெயிலில் போகப்போவது அறுநூற்றுப் பத்து.

போனை வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள். மாமனார் எந்த மொத்த ஆர்டருக்கும் பூட்டுக்கு நாற்பதுதான் லாபம் வைப்பார். எதிர்த் தெருக் கடைக்கும் அது தெரியும். அறுநூற்றுப் பத்தைப் படிப்பவன், இவர்கள் அறுநூற்று ஐம்பது போடுவார்கள் என்று நினைப்பான். இவள் போடப்போவது ஐந்நூற்றுத் தொண்ணூறு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சின்னவனிடம் கூட.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வாங்க அண்ணி! என்ன அதிசயம், வெயில் உங்களை இந்தப் பக்கம் தள்ளிட்டு வந்துச்சா?" நாத்தனார் கதவைப் பாதிதான் திறந்தாள். பெரியவனுக்கு அடுத்துப் பிறந்தவள். சிரிப்பைக் கூட அளந்து போடும் ரகம்.

"பையனுக்கு உடம்பு சரியில்லைன்னு மாமா சொன்னார். பாத்துட்டுப் போகலாம்னு."

"பையனா? அவன் பள்ளிக்கூடத்துல இல்ல இருக்கான்?" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். "நேத்து கொஞ்சம் தும்மல் இருந்துச்சு. அப்பா அதைச் சொல்லியிருப்பார்."

"மாமா இங்க வந்தாரா?"

"இல்லையே."

"உன் வீட்டுக்காரர்?"

"அவரோட கடைக்குப் போயிட்டார். நான் ஒருத்திதான். தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூத்த மருமகள் சமையலறைக்குப் போனாள். தொட்டியில் நாலு டீக் கப்புகள் கிடந்தன. ஒன்றின் அடியில் மிச்ச டீ இன்னும் ஆடை கட்டவில்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு நாலு கப்பா?

"அந்த மெஷின் எங்க இருக்கு? தம்பி சத்தம் வருதான்னு பாக்கச் சொன்னான்."

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எந்த மெஷின்?"

"உன் வீட்டுல எத்தனை மெஷின் இருக்கு?"

மாடிப்படிக்கு அடியில் மர அலமாரி. அதில் தொங்கியது இவர்கள் கடையிலேயே விலை கூடிய பூட்டு. சாவித் துவாரத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. எண்ணெய் போட்ட பளபளப்பு. எதிரில் ஒரு நாற்காலி. அலமாரிக்குப் பக்கத்தில் துணி மூடிய ஏதோ ஒன்று. மூத்த மருமகள் துணியை விரல் நுனியால் தூக்கினாள். சின்னவன் கிடையாது என்று சொன்ன ஸ்க்ரீன். அதிலிருந்து ஒரு வயர் அலமாரியின் முதுகுப் பக்கம் போனது.

"என்ன அண்ணி, போலீஸ் மாதிரி நோண்டறீங்க?" நாத்தனார் துணியைப் பிடுங்கி மறுபடி மூடினாள். "எங்க வீட்டுல திருட்டு நகை தேடறீங்களா? எங்க அண்ணன் சம்பாதிச்சதை யார் வீட்டுக்கு யார் கொண்டு போறாங்கன்னு நாங்க கேட்டோமா?"

"கேட்டிருக்கலாமே. பதில் சொல்லியிருப்பேன்."

"எதிர்த் தெருவுல உங்க அண்ணன் நல்லா இருக்காரா?" நாத்தனார் தேன் தடவிக் கேட்டாள்.

"நல்லா இருக்கான். இந்த ரெண்டு மாசமா ரொம்பவே நல்லா இருக்கான். அதான் நானும் விசாரிச்சுக்கிட்டு வரேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் நாலு கப்பும் அவளோடு நடந்து வந்தன. நாத்தனார் ஒன்று. மாப்பிள்ளை ஒன்று, கடைக்குப் போய்விட்டார் என்பது கதை. மூன்றாவது? நாலாவது?

கடையில் மாமனார் மறுபடி கல்லாவில் இருந்தார். பேரனைப் பார்த்துவிட்டு வந்த முகம் போல இல்லை. யாரோ ஊமைக் குத்து குத்தி அனுப்பிய முகம்.

லைன் இன்னும் வரவில்லை.

நாலு மணிக்கு அவள் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டிய விலையை அடித்து, ஒரு பிரதி எடுத்து மாமனார் முன்னால் வைத்தாள். அது கடை வழக்கம். முதலாளி பார்க்காமல் விலை வெளியே போகாது. வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, ஒரு ஓரமாக நின்றாள்.

மாமனார் கண்ணாடியைப் போட்டார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கழுத்திலிருந்து சிவப்பு மேலே ஏறியது.

"ஐந்நூத்துத் தொண்ணூறா?" கல்லாவை ஓங்கி அடித்தார். அலமாரியில் தொங்கிய சாவிகளெல்லாம் ஒரு தரம் குலுங்கின. "வாங்கறது அறுநூத்துப் பத்து, விக்கறது ஐந்நூத்துத் தொண்ணூறா? ஆயிரத்து இருநூறு பூட்டுக்கு இருபது இருபதா என் தலையில கட்டப் பாக்கறியா? இல்ல, உங்க அண்ணன் கடையைக் கட்டறதுக்கு என் கடையை இடிக்கறியா?"

சின்னவன் ஓடி வந்தான். "அப்பா, மெதுவா..."

மூத்த மருமகள் அசையவில்லை.

"வாங்கற விலை அறுநூத்துப் பத்துன்னு யார் சொன்னா மாமா?"

"யார் சொல்லணும்? ஃபாக்டரி மெயில்ல வந்திருக்குல்ல!"

"எந்த மெயில்ல?"

அவர் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

"லைன் இன்னும் வரலை மாமா. அந்த மெயில் இன்னும் கடைக்குள்ள காலே எடுத்து வைக்கலை. நானே படிக்கலை. நீங்க எங்க படிச்சீங்க?"

வெளியே ரோட்டைத் தோண்டுகிற இயந்திரம் மட்டும் கடகடவென்று யாரையோ கேலி செய்துகொண்டிருந்தது.

"உண்மையான விலை ஐந்நூத்து ஐம்பது. ஃபாக்டரி அம்மா எங்கிட்ட வாயால சொன்னாங்க. நீங்களே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. நாற்பது லாபம், உங்க வழக்கப்படிதான் வச்சிருக்கேன். அந்த அறுநூத்துப் பத்து நான் வச்ச கண்ணி." பிரதியில் தன் விலையை விரலால் தொட்டுக் காட்டினாள். "அதுல நீங்க வந்து காலை வைப்பீங்கன்னு நான் நினைக்கலை மாமா."

அவர் போனை எடுத்தார். ஃபாக்டரிக்குத்தான். இரண்டு 'ம்', ஒரு 'சரிம்மா'. வைத்துவிட்டார். பேனாவை எடுத்து, பிரதியின் அடியில் கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினார். முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் நாலேகால் தாண்டிவிட்டது. அவளும் சின்னவனும் பின் படிக்கட்டில் உட்கார்ந்து அனுப்பினார்கள். ஒரு கோடு, இரண்டு கோடு என்று சிக்னல் கண்ணாமூச்சி ஆடியது. மெயில் வெளியே போகாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. சின்னவன் போனைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, இன்னும் கொஞ்சம் நீட்டி, கிட்டத்தட்ட அடுத்த வீட்டுக்குள்ளேயே நுழைத்துவிட்டான். போனது.

"போயாச்சு அண்ணி!"

"போச்சுன்னு உங்க போன் சொல்லுது. வந்துச்சுன்னு அவங்க சொல்லட்டும்."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மெயில் வந்து சேர்ந்ததா, விலை எழுதிய பக்கம் திறக்கிறதா என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் மூச்சு விட்டாள்.

"தம்பி, அந்தப் பெட்டிக்கு ஸ்க்ரீன் கிடையாதுன்னு சொன்னீங்க."

"கிடையாது அண்ணி. சத்தியமா நான் வைக்கலை."

அவன் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை நம்பலாம் போலத்தான் இருந்தது. நூற்று எழுபது வரைக்கும் நம்பலாம்.

ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாமனாரே எடுத்தார். இவர்களுடையது ஐந்நூற்றுத் தொண்ணூறு. எதிர்த் தெருக் கடை அறுநூற்று நாற்பத்தெட்டு. ஆர்டர் இவர்களுக்கு.

அறுநூற்று நாற்பத்தெட்டு. அறுநூற்று ஐம்பதுக்கு இரண்டு குறைவு. அச்சடித்த மாதிரி.

மாமனார் போனை வைத்துவிட்டு வெகுநேரம் தன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெல்ட்டில் மாட்டியிருந்த வளையத்திலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உன் நாத்தனார் வீட்டு அலமாரிச் சாவி. பள்ளிக்கூட ஆர்டருக்கு முன்னாடியே எனக்கு உன் மேல ஒரு இது. நீ மெயிலைப் படிச்சுட்டு மாத்திச் சொல்றியோன்னு. அதான் லைன் போற நாள்ல, உனக்கு முன்னாடி நான் படிச்சுப் பாத்துடலாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லி ஸ்க்ரீன் வச்சேன்."

"உங்களுக்குத்தான் அந்தப் பொடி எழுத்து தெரியாதே மாமா."

"மாப்பிள்ளை படிச்சுச் சொல்வார்."

"சத்தமாவா?"

மூன்று தலைமுறைப் பூட்டுக்காரர், மருமகள் கையில் இருக்கிற பூட்டை நம்பாமல், இன்னொரு பூட்டைத் திறந்து, உள்ளே இருந்ததை ஊர் கேட்க வாசிக்கச் சொல்லியிருக்கிறார். கள்ளனுக்கு வேலையே வைக்கவில்லை.

"படிக்கும்போது யாரெல்லாம் இருந்தீங்க?"

"நான், மாப்பிள்ளை, உன் நாத்தனார்." கொஞ்சம் நிறுத்தினார். "அவ்வளவுதான். நாங்க மூணு பேர்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மாமா."

"என்னம்மா, எனக்கு எண்ணத் தெரியாதா? மூணு பேர். பக்கத்து ரூம் கூடச் சாத்தித்தான் இருந்துச்சு."

சாத்தியிருந்த பக்கத்து அறை. அவள் அதை மனசுக்குள் ஓர் ஓரமாக எடுத்து வைத்தாள்.

மாமனார் எழுந்தார். போகிற போக்கில் அவளுடைய நாற்காலியின் முதுகைத் தொட்டார், தூசி தட்டுகிற மாதிரி. "நாளைக்குச் சீக்கிரம் வந்துடும்மா. ஆர்டர் பெருசு" என்றார். அந்த மனிதரிடமிருந்து மன்னிப்பு அந்த அளவுக்குத்தான் வரும். மேற்கொண்டு பேரம் படியாது.

அந்த நேரம் பார்த்து மேஜையில் கம்ப்யூட்டர் கிணுகிணுத்தது. லைன் வந்துவிட்டது. நாத்தனார் வீட்டுப் பெட்டியில் காத்திருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக வந்து விழ ஆரம்பித்தன. அவற்றில் அந்த அறுநூற்றுப் பத்தும் நல்ல பிள்ளை போல வந்து உட்கார்ந்தது.

சின்னவன் பின்பக்கத்திலிருந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"ரோட்டுல கேபிளை யாரும் வெட்டலை அண்ணி. பின் சுவத்துல நம்ம லைன் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள வயரை உருவி விட்டிருக்காங்க. நான்தான் இப்போ மாட்டினேன்."

"பெட்டியை உடைச்சா?"

"பூட்டு பூட்டினபடி இருக்கு. ஒரு கீறல் இல்ல. சாவி போட்டுத் திறந்து, சாவி போட்டுப் பூட்டியிருக்காங்க."

வாசலில் மாமனார் திரும்பிப் பார்த்தார். "என்னைப் பாக்காதே. லைன் போனா போய்ப் படிப்பேன். லைனைப் பிடுங்க நான் போனதில்ல."

"அந்தப் பெட்டிக்கு எத்தனை சாவி?" அவள் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் போல ரெண்டு. ஒண்ணு இதோ என் பாக்கெட்ல. ரெண்டாம் சாவி அண்ணன் கொத்துல." சின்னவன் தலையைச் சொறிந்தான். "அண்ணன்தான் முந்தாநாள்ல இருந்து ஊர்லயே இல்லையே."

அவள் போன் அடித்தது. பெரியவன்.

"என்ன, எப்படி இருக்க?" கணவனின் குரலில் கரிசனம் சொட்டியது. "ஆஸ்பத்திரி ஆர்டர் நமக்கு வந்துடுச்சாமே. வெளியில பேசிக்கறாங்க."

"எந்த ஊர்லங்க பேசிக்கறாங்க?"

"அட, வியாபாரிங்களுக்குள்ள சேதி ஓடாதா? அதை விடு. ஐந்நூத்துத் தொண்ணூறு போட்டியாமே, உனக்கு என்ன பைத்தியமா? அறுநூத்துப் பத்துக்கு வாங்கி அதை எப்படிக் கொடுப்ப?"

ஐந்நூற்றுத் தொண்ணூறை ஆஸ்பத்திரியில் எல்லார் எதிரிலும் வாசித்தார்கள், அறுநூற்றுப் பத்து அந்த அலமாரி முன்னால் படித்தவர்களைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாது. அவள் மாமனாரைப் பார்த்தாள். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"மாமா, இன்னைக்கு அவர்கிட்டப் பேசினீங்களா?"

"பெரியவன்கிட்டயா? ரெண்டு நாளா அவன் எடுக்கவே இல்லையேம்மா."

சின்னவனைப் பார்த்தாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். அவனுக்கே அந்த அறுநூற்றுப் பத்து நாலு மணிக்கு அப்பா கத்தியபோதுதான் தெரியும்.

"ஹலோ? ஹலோ? என்ன, லைன் போயிடுச்சா?" என்றது போன்.

"இல்லைங்க. லைன் நல்லா இருக்கு" என்றாள். "நீங்க எங்க இருக்கீங்க?"

பதிலுக்கு முன்னால், போனுக்குள் எங்கோ ஒரு கடகடச் சத்தம். கடை வாசலில் ரோட்டைத் தோண்டுகிற அதே இயந்திரம், ஒரு காதில் நேராகவும் இன்னொரு காதில் போன் வழியாகவும் கேட்டது.

"ரொம்ப தூரத்துலதான்" என்றான் பெரியவன்.

மூத்த மருமகள் தன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அன்றைய கணக்கை மனசுக்குள் ஒரு தரம் கூட்டிப் பார்த்தாள்.

வந்த ஆர்டர், ஒன்று. மீண்ட நாற்காலி, ஒன்று. சுவர்ப் பெட்டிக்குச் சாவி இரண்டு. ஒன்று சின்னவன் பாக்கெட்டில், ஒன்று ரொம்ப தூரத்தில். நாத்தனார் வீட்டில் கப் நாலு, ஒத்துக்கொண்ட ஆள் மூன்று.

பாக்கி, ஒன்று.